வெள்ளைப் பஞ்சில் நீலம்

2019 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12 ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். மழை பெய்து பதினொரு நாளாகியிருந்தது. பனி இன்னும் விலகவில்லை. நெளுக்குளத்தில் நான் வேலை செய்த சேர்விஸ் நிலையத்தின் வாசலில் நின்று பார்த்தால் வீதியின் மறுகரையில் முதலாவது மின்கம்பம் தெரிந்தது; இரண்டாவது தெரியவில்லை. அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் உள்ளே வந்தது. அதன் முன் இடது சில்லை நாற்பத்திரண்டு நிமிடத்தில் பொலிஷ் செய்து முடித்தேன். நான் செய்த சில்லுகளில் அதுதான் மிகத் திறமான வேலை என்று அன்று நினைத்தேன்.

வாகனம் திருத்துகிறவர்கள் சேர்ந்து இந்த வருடம் ஒரு மலர் வெளியிடுகிறார்கள். ட்ரில் மெசினில் ஸ்பொஞ்ச் பஞ்சு மாட்டிச் சில்லும் பெயின்றும் மினுக்குவது பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் மறுத்தேன். போன மாதம் ஒரு கராஜுக்குப் போயிருந்தபோது அங்கே குப்பை வாளியில் பதினேழு பஞ்சு கிடந்தது. இப்போது பஞ்சு பத்துப் பத்தாகப் பொதி கட்டி மலிவாக வருகிறது. ஒரு காருக்கு ஒன்று, பிறகு குப்பை. பதினேழிலும் வெவ்வேறு நிறம் படிந்திருந்தது. ஒருவரும் அதைத் திருப்பிப் பார்த்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கினேன். இரண்டு பக்கத்தில் அடங்காது. குறைக்கச் சொன்னால் திருப்பித் தந்துவிடுங்கள்.

நான் புதுக்குடியிருப்பில் பிறந்தவன். உயர்தரத்தில் வர்த்தகம் படித்தேன். பல்கலைக்கழகத்துக்குப் பதினான்கு புள்ளி போதவில்லை. கணக்கெழுதும் வேலைக்கு இரண்டு வருடம் காத்திருந்துவிட்டுக் கிளிநொச்சியில் ஒரு கராஜில் பெயின்ற் அடிக்கப் பழகினேன். நான்கு வருடத்தில் பழகி முடிந்தது. பிறகு யுத்தம். மினுங்குகிற வாகனம் மேலே விமானத்திலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியும் என்பதால், வாகனக்காரர் மினுக்கத்தைப் போக்கச் சொல்லி என்னிடம் வந்தார்கள். களிமண்ணையும் சாணத்தையும் குழைத்துக் கூரை, கதவு, சில்லு எல்லாவற்றிலும் பூசினேன். இருநூற்றுப் பதினாறு வாகனம். அந்தக் கணக்கு எழுதியிருந்த கொப்பி 2009 இல் போய்விட்டது. எண்ணிக்கை மட்டும் நினைவிலிருக்கிறது.

மீள்குடியேறியபோது எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்கு ஒரு சைக்கிள் தந்தார்கள். லொறியில் கொண்டுவந்து இறக்கிய அத்தனையும் ஒரே நீலம். மயில்துத்தத்தின் நீலம், கொஞ்சம் பச்சை கலந்தது. மலிவான பெயின்ற். ஒரு கோடை வெயிலில் நின்றால் விரலில் மாவாக ஒட்டும். பின் மட்காட்டில் வெள்ளையால் இலக்கம் எழுதியிருந்தார்கள். என்னுடையது 387. முல்லைத்தீவுக் கரையில் அந்த நீலத்தை எங்கும் காணலாம். வவுனியாவில் அது அரிது. இதைப் பிறகு சொல்ல வேண்டிவரும்.

2012 இல் அந்தச் சைக்கிளையும் மனைவி தவமணியையும் கூட்டிக்கொண்டு வேலை தேடி வவுனியாவுக்கு வந்தேன். வயது ஐம்பத்துநான்கு. ஏழு கராஜில் கேட்டேன். ஏழிலும் வயதைக் கேட்டார்கள். எட்டாவது இடத்தில் வயதைக் கேட்கவில்லை. அந்த முதலாளியின் பெயர் சிவநேசன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். "நாளைக்கு எட்டு மணிக்கு வாங்கோ அண்ணை" என்றார். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை.

சிவநேசன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலை முடிந்த வாகனத்தை அவர் பார்க்கும் முறை ஒன்றுண்டு. ஒரு மெல்லிய பொலித்தீன் சொப்பிங் பையை வலக்கையில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, பெயின்றின்மேல் உள்ளங்கையை ஓட்டுவார். வெறுங்கைக்குத் தெரியாத மணல் பொடி பைக்குள்ளிருக்கும் கைக்குத் தெரியும். நம்பாதவர்கள் செய்து பார்க்கலாம். கை எங்காவது நின்றால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். பையைக் கழற்றி அந்த இடத்தில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். நாங்கள் பையை எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்குவோம்.

மூன்றாவது மாதத்தில் ஒரு சிவப்பு வானின் கதவு விளிம்பில் பஞ்சை ஒரு நொடி கூடுதலாக நிறுத்திவிட்டேன். விளிம்பில் பெயின்ற் மெல்லியது. ஒரு சாண் நீளத்துக்குக் கருகி அடிப்பூச்சுத் தெரிந்தது. வான்காரர் வந்து நின்று கத்தினார். சிவநேசன் "என்ரை கை தவறினது" என்று சொல்லித் தன் செலவில் கதவு முழுவதற்கும் பெயின்ற் அடித்துக் கொடுத்தார். என்னிடம் அதைப் பற்றி அன்றும் கதைக்கவில்லை, பிறகும் கதைக்கவில்லை. நான் கதைக்கத் தொடங்கியபோது கையை அசைத்துவிட்டுப் போனார். நான் பட்ட கடன் அது.

இனி முறை.

எங்களிடமிருந்த பஞ்சு பம்பரம் போலக் கூம்பாக இருக்கும். நாங்கள் அதைப் பம்பரம் என்றே சொன்னோம். தண்டை ட்ரில்லின் வாயில் மாட்டி இறுக்க வேண்டும். தண்டு இரும்பு, சுற்றும்போது ரிம்மில் தட்டினால் வடு விழும். பழைய சைக்கிள் ரியூப்பில் நான்கு விரல் நீளம் வெட்டித் தண்டுக்கு உறை போட்டேன். இது என் சொந்த ஏற்பாடு.

சில்லு ஆறியிருக்க வேண்டும். புறங்கையை வைத்துப் பார்க்கவும். சூடான ரிம்மில் பொலிஷ் பசை காய்ந்து படையாகிவிடும். முதலில் தண்ணீர், பிறகு தூரிகை, பிறகு தண்ணீர், பிறகு காற்று. நட்டுக் குழிக்குள் ஒரு துளி நீரும் இருக்கக்கூடாது. பெயின்றின் விளிம்புகளுக்குக் காகித ரேப் ஒட்டவும். பசை பட்டாணி அளவு போதும். பஞ்சில் நான்கு இடத்தில் தொட்டு, ட்ரில்லை அழுத்துவதற்கு முன்னரே ரிம்மில் தேய்த்துப் பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் பசை முகத்தில் தெறிக்கும். வேகம் குறைவு. உள்ளிருந்து வெளியே வரவும். எட்டு எண்ணித் தூக்கவும். ஒன்பது எண்ணக்கூடாது. துடைத்துப் பார்க்கவும். பிறகு மறுபடி எட்டு.

ஒவ்வொரு துடைப்புக்கும் பிறகு பஞ்சைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய வாகனங்களில் நிறமே மேற்பூச்சு. சிவப்பு வான் என்றால் பஞ்சு சிவக்கும். புதுக் கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் என்ற நிறமில்லாத பூச்சு இருக்கிறது. ரிம்மிலும் அதுதான். பஞ்சு அந்தப் பூச்சில் மட்டுமே ஓடுகிறது; அழுக்கின் சாம்பல் நிறம் வரும், வேறொன்றும் வராது. கிளியர் பூசிய வாகனத்தில் பஞ்சு நிறம் மாறினால் அந்த நிறம் அந்த வாகனத்துடையது அல்ல. வேறெங்கோ இருந்து வந்து ஒட்டியது.

வேலை முடிந்த கையோடு பஞ்சைக் கழுவ வேண்டும். காய்ந்த பசை அடுத்த வாகனத்தைக் கீறும். சவர்க்காரத் தண்ணீரில் ஏழு தரம் பிழிந்து, நல்ல தண்ணீரில் ஏழு தரம் பிழிந்து சுவர் ஆணியில் தொங்கவிட வேண்டும். சுவரில் பன்னிரண்டு ஆணி, பன்னிரண்டு பஞ்சு. பஞ்சுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை எடுக்கும். பதின்மூன்றாவது பஞ்சு பாவிக்காமல் பெட்டியில் இருந்தது. ஏழு வருடத்தில் ஒரு நாளாவது கழுவாமல் வீட்டுக்குப் போனேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த வெள்ளைக் கார் எங்களுக்குப் புதிதல்ல. அதன் சொந்தக்காரர் ஒரு ஒப்பந்தகாரர். அவருடைய ஆறு வாகனங்களும் எங்களிடம்தான் வந்தன. அன்று சாரதி தனியே கொண்டுவந்தான். முப்பது வயதிருக்கும், எப்போதும் கதை சொல்லிச் சிரிக்கிறவன். அன்று சிரிக்கவில்லை. மாடு ஒன்று குறுக்கே வந்துவிட்டது என்றும், பத்து மணிக்கு முதலாளிக்குக் கார் வேண்டும் என்றும் சொன்னான். எங்கள் வீதிகளில் மாடு குறுக்கே வருவது புதினமல்ல. அந்த வருடம் அதற்குள் மூன்று மாட்டுக் கார் வந்திருந்தன.

பம்பரின் இடது மூலையில் ஒரு முழம் உரசல். முன் இடது சில்லின் ரிம்முக்கு, நடுவிலிருந்து விரிகிற பத்துக் கை. அவற்றில் நான்கில் உரசல். இடது சிக்னல் கண்ணாடி புதிதாக இருந்தது. மழையில்லாத நாளில் மட்காட்டின் உட்புறம் நனைந்திருந்தது. எங்களிடம் கழுவக் கொண்டுவருவதற்கு முன் யாரோ கழுவியிருந்தார்கள். நான் இவ்வளவையும் பார்த்தேன். எண்ணினேன். என் வேலைக் கொப்பியில் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு வரி எழுதுவது வழக்கம். எழுதினேன்.

மூன்றாவது எட்டு எண்ணித் தூக்கியபோது பஞ்சில் நீலம்.

பெரிதாக ஒன்றுமில்லை, பெருவிரல் அகலம். துடைத்துவிட்டு அடுத்த கைக்குப் போனேன். அங்கும் நீலம். பம்பர் மூலையிலும் நீலம். சாரதி கதிரையில் இருந்து வெறுந்தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, மாடு என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"மாட்டு நிறம்தான் ஐயா."

"நீல மாடும் இருக்குதோ?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "எங்கையும் தண்ணிப் பரலிலை முட்டியிருக்கும்" என்றான். பிறகு எழுந்து வாசலுக்குப் போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தண்ணீர் பிடித்து வைக்கும் பரல் பீப்பாய்கள் நீலம்தான். ஆனால் அவை பிளாஸ்ரிக். பிளாஸ்ரிக் உரசினால் உருகி நூலாக ஒட்டும். இப்படி மாவாக வராது. இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் கொப்பியில் "நீலம். பரல்?" என்று எழுதினேன். அந்தக் கேள்விக்குறி எதற்காக என்று இன்றுவரை என்னை நானே கேட்கிறேன்.

எட்டு இருபத்தைந்துக்குத் தொடங்கிய சில்லு ஒன்பது ஏழுக்கு முடிந்தது. பம்பர் ஒன்பது நாற்பதுக்கு. சிவநேசன் பையை மாட்டிக் கையை ஓட்டினார். கை எங்கும் நிற்கவில்லை. சாரதி காரை எடுத்துக்கொண்டு போனான். நான் பஞ்சைச் சவர்க்காரத்தில் ஏழு தரம் பிழிந்தேன். முதல் மூன்று பிழிதலிலும் தண்ணீர் நீலம். நாலாவதில் வெளிர் நீலம். ஐந்தாவதில் ஒன்றுமில்லை. இருந்தும் ஏழையும் முடித்தேன். ஒன்பதாம் ஆணியில் தொங்கவிட்டேன்.

மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணியளவில், ஒரு பெண் பசளைப் பையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். கழுத்தில் செபமாலை. முல்லைத்தீவுக் கரையில் மீன் விற்றவர் என்பது குரலிலேயே தெரிந்தது. பெயர் திரேசம்மா. மகள் றெஜினா ஆடைத் தொழிற்சாலையில் வேலை. செவ்வாய்க்கிழமை விடிய ஐந்தரைக்குத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கச் சைக்கிளில் போனபோது ஒரு வாகனம் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பனியில் யாரும் பார்க்கவில்லை. மகள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள். ஐந்து வயதில் ஒரு பேத்தி. பொலிஸ் விசாரிக்கிறது, வாகனம் தெரியவில்லை. அதனால் தானே ஒவ்வொரு கராஜாக, சேர்விஸ் நிலையமாக நடக்கிறேன் என்றார். எங்களுடையது பதினோராவது.

பையை விரித்தார். ஒரு சைக்கிளின் பின் மட்காட், இரண்டாக மடிந்திருந்தது. மயில்துத்த நீலம். வெள்ளையில் 412.

இலக்கத்தை வாசித்தவுடன் நான் செய்தது ஒரு கழித்தல். 412 இலிருந்து 387. இருபத்தைந்து. என் சைக்கிளை இறக்கிய அதே லொறியிலிருந்து, இருபத்தைந்து சைக்கிளுக்குப் பின்னால் அது இறங்கியிருக்கிறது.

"நீங்கள் எல்லாரும் கழுவிற ஆக்கள்" என்றார் திரேசம்மா. "கழுவினது பிழையில்லை. ஆரின்ரை வாகனத்தைக் கழுவினது எண்டு மட்டும் சொல்லுங்கோ."

சிவநேசன் மிக மரியாதையாக, அப்படி ஒரு வாகனமும் இங்கே வரவில்லை அம்மா என்றார். கதிரை போடச் சொன்னார். திரேசம்மா இருக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்கள் சொல்லுங்கோ."

நான் பொய் சொல்ல விரும்பவில்லை. உண்மை சொல்லவும் வாய் வரவில்லை. "நான் சில்லு மட்டும்தான் செய்யிறனான்" என்றேன்.

"சில்லுதான் ஐயா ஏறினது" என்றார் அவர்.

மட்காட்டைத் திரும்பச் சுற்றினார். முடிச்சுப் போட அவருக்கு வெகுநேரம் எடுத்தது. நான் உதவவில்லை. பன்னிரண்டாவது இடத்துக்குப் போகும் வழியைச் சிவநேசன்தான் சொல்லிக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் பெட்டியிலிருந்த பதின்மூன்றாவது பஞ்சையும், ஒரு போத்தல் மூடியில் கொஞ்சப் பசையையும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ட்ரில் தேவைப்படவில்லை. கையாலேயே என் சைக்கிளின் சட்டத்தில் எட்டு எண்ணித் தேய்த்தேன். பஞ்சைத் திருப்பினேன். நிறத்தில் ஐயப்பட இடமிருக்கவில்லை. இருந்தும் மட்காட்டில் ஒரு தரம், முன் கவட்டில் ஒரு தரம் தேய்த்துப் பார்த்தேன். மூன்று தரமும் அதே நீலம்.

தவமணி குசினி வாசலில் நின்று பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடிய, "சொல்லிப்போட்டு எங்கை போறது? அறுபத்தொரு வயசிலை உங்களுக்கு ஆர் வேலை தருவினம்?" என்றாள். அவளைக் குறை சொல்லவில்லை. அந்தக் கேள்வி அவளுக்கு முன்னரே என்னிடம் இருந்தது. எனக்கு மருந்து இரண்டு, அவளுக்கு மூன்று. சிவப்பு வானின் கதவும் நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை வேலைக்குப் போனேன். ஞாயிறு வீட்டில் இருந்தேன். திங்கள், செவ்வாய், புதன் போனேன். ஒவ்வொரு நாளும் முதல் பார்வை ஒன்பதாம் ஆணிக்குத்தான். பஞ்சு வெள்ளையாகத் தொங்கியது.

வியாழக்கிழமை காலை நான் போனபோது எங்கள் சுற்றுமதிலில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் ஈரம். ஒட்டுகிறவர்களுக்கு எந்த மதில் என்று தெரியாது. வீதி நெடுக ஒட்டிக்கொண்டு போயிருந்தார்கள். றெஜினா, வயது இருபத்தொன்பது. புதன்கிழமை இறந்திருந்தாள். அந்த வீதியில் பதினாறு எண்ணினேன், ஒன்று எங்களுடையது.

உள்ளே போய்ச் சிவநேசனிடம் பொலிசுக்குப் போகப் போகிறேன் என்றேன். அவர் ஒரு வானைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பை மாட்டியிருந்தது. நான் நீலத்தைப் பற்றியும் என் சைக்கிளைப் பற்றியும் சொல்லி முடிக்கும்வரை கையை எடுக்காமல் கதவில் வைத்திருந்தார்.

"போறதெண்டால் போங்கோ அண்ணை. நான் மறிக்கேல்லை" என்றார். "ஆனால் அண்டைக்கு நீலம் பட்ட பஞ்சு எங்கை?"

நான் ஒன்பதாம் ஆணியைக் காட்டினேன். அவர் கிட்டப் போய் அதை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"வடிவாக் கழுவியிருக்கிறியள்" என்றார். திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு எனக்குத் தேநீர் ஊற்றச் சொன்னார். நான் அந்தத் தேநீரையும் குடித்துவிட்டுத்தான் போனேன்.

பொலிசில் என்னிடம் மரியாதையாகவே நடந்தார்கள். தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒருவர் இரண்டு மணி நேரம் எழுதினார். கொப்பியை வாங்கி வைத்தார். பதின்மூன்றாவது பஞ்சைக் கொடுத்தேன். அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு, "ஐயா, இது உங்கடை சைக்கிளின்ரை நிறம். அந்தக் காரிலை இருந்தது எங்கை?" என்று கேட்டார். அதற்கு நான் கொடுக்கக் கூடியதாக இருந்தது "நீலம். பரல்?" என்ற ஒரு வரி மட்டும். காரைக் கொண்டுவந்து பார்த்தார்கள். அதற்குள் பம்பர் புதிது, நான்கு ரயரும் புதிது. ரிம்மில் எதுவும் இல்லை. அதை நான் முன்னரே சொல்லியிருந்தேன்.

வழக்கு நான்கு வருடம் நடந்தது. நோய்த் தொற்றால் சில தவணை, எரிபொருள் இல்லாமல் சில தவணை தள்ளிப்போயின. பத்தொன்பது தவணைக்கு நான் போனேன். பதினான்காவதில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். சாரதி தரப்புச் சட்டத்தரணி இளம் ஆள், மென்மையாகக் கேட்டார். இந்தத் தொழிலில் எத்தனை வருட அனுபவம் என்றார். சொன்னேன். அந்தச் சில்லில் எவ்வளவு நேரம் வேலை செய்தீர்கள் என்றார். நாற்பத்திரண்டு நிமிடம் என்றேன். கொப்பியைப் பார்க்காமல் சொன்னதற்கு நீதிமன்றத்தில் ஒரு சலசலப்பு ஏற்பட்டது. அந்தக் கணத்தில் எனக்குச் சிறு பெருமை வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

"வேலை முடிந்தபோது ரிம்மில் ஏதாவது அடையாளம் மிஞ்சியிருந்ததா?"

"இல்லை."

"நிச்சயமாக?"

"ஒரு அடையாளமும் இல்லை. நான் அப்படி விடுவதில்லை."

"நன்றி. வேறு கேள்வி இல்லை" என்றார்.

சாட்சியம் போதாது என்று சாரதியை விட்டார்கள். கொப்பியின் வரியில் நானே கேள்விக்குறி போட்டிருந்ததும் தீர்ப்பில் ஒரு வசனமாக வந்தது. நீதவானைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும், முன்னால் இருப்பதை எண்ணித்தான் தீர்த்திருப்பேன்.

வெளியே வேப்பமரத்தடியில் திரேசம்மா பேத்தியோடு நின்றார். அந்தப் பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. பத்தொன்பது தவணையிலும் திரேசம்மா என்னோடு கதைத்ததில்லை. அன்று தானாக வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது.

"நீங்கள் வந்து சொன்னதுக்குச் சந்தோசம் ஐயா" என்றார். "ஒண்டு மட்டும் சொல்லோணும். நான் உங்கடை கடைக்கு வந்தது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலமை அவள் ஒருக்காக் கண் முழிச்சவள். ஆரம்மா அடிச்சது எண்டு கேட்டவள். தெரியேல்லைப் பிள்ளை எண்டனான். பிறகு அவள் முழிக்கேல்லை."

பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். வெள்ளி பதினொரு மணியிலிருந்து ஞாயிறு காலை வரை நாற்பத்தாறு, நாற்பத்தேழு மணித்தியாலம். சரியான நேரத்தை அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சிவநேசன் என்னை வேலையால் நிற்பாட்டவில்லை. ஒப்பந்தகாரரின் ஆறு வாகனமும் அதற்குப் பிறகு எங்களிடம் வரவில்லை. ட்ரில் மட்டும் வேறு ஒருவரின் கைக்குப் போனது. நான் கீழே பள்ளத்தில் நின்று லொறிகளின் அடிப்பகுதிச் சேற்றைத் தண்ணீரால் அடித்தேன். யுத்த காலத்தில் நான் பூசிய சேற்றைவிட அந்த நான்கு வருடத்தில் கழுவிய சேறு அதிகம். ஒன்பதாம் ஆணிப் பஞ்சு இன்னும் எட்டு மாதம் பாவனையில் இருந்தது. பிறகு தேய்ந்து எறிந்தார்கள். எந்த நாள் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

மலருக்கு எழுதக் கேட்டவர்களுக்கு முறை பற்றி நான் சேர்க்க வேண்டியது ஒன்றுதான். கழுவுவதானாலும் எறிவதானாலும், முதலில் பஞ்சைத் திருப்பிப் பாருங்கள். அந்த வாகனத்துக்குச் சொந்தமில்லாத நிறம் இருந்தால் கழுவ வேண்டாம். எறியவும் வேண்டாம். ஒரு பையில் போட்டு, திகதியும் நேரமும் எழுதி வையுங்கள். கேள்விக்குறி போடாதீர்கள்.

2023 டிசம்பரில் விலகினேன். சிவநேசன் கடைசிக் கணக்கைத் தன் கையெழுத்தில் ஒற்றைத் தாளில் எழுதித் தந்தார். அவர் கணக்கில் எப்போதும் நேர்மையானவர். எனக்குச் சேர வேண்டியவை நான்கு வரி. நான்கையும் கூட்டிப் பார்த்தேன், சரி. ஐந்தாவது வரி கழிவு. "வீட்டுக்குக் கொண்டுபோன பஞ்சு, 1. திரும்பி வரவில்லை" என்று எழுதி, நான் அதை எடுத்த திகதியும் போட்டிருந்தார். 2019 பெப்ரவரி 15, வெள்ளிக்கிழமை. நான் அன்று சாப்பாட்டுப் பையில் எதைப் போட்டேன் என்பதை அவர் பார்த்திருக்கிறார். ஏன் போட்டேன் என்பதும் அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. நாங்கள் இருவரும் ஆறு நாள் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு வேலை செய்திருக்கிறோம்.

பஞ்சு இன்னும் பொலிசில் சான்றுப் பொருளாக இருக்கிறது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. எடுத்தது உண்மை, திருப்பிக் கொடுக்காததும் உண்மை. விலையும் பழைய விலைதான் போட்டிருந்தார், கூட்டவில்லை. கையெழுத்து வைத்தேன்.

அறுநூற்று ஐம்பது ரூபாய்.